இரண்டாயிரம் ரூபாய்க் குற்றவாளிகள்

(அம்பத்தூரில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்பத்தூரில் உட்கார்ந்து வயலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தொழிற்பேட்டையும் ஆவடி டேங்க் பேக்டரியும் போக மிச்சத்தை மனைப்பிரிவு தின்றுவிட்டது, உண்மைதான். ஆனால் பூந்தமல்லியைத் தாண்டினால் இன்னும் நடவு நடக்கிறது. நடுகிறவர் பெயரில் பட்டா இல்லை, அவ்வளவுதான்.

2019 பிப்ரவரியில் பிஎம் கிசான் வந்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. யாருக்கு? 1.2.2019 அன்று நில ஆவணத்தில் பெயர் இருந்தவருக்கு. குத்தகைக்காரருக்கு இல்லை, கூலிக்காரருக்கு இல்லை. 'விவசாயி' என்றால் பட்டாதாரர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது 9 சதவீதத்துக்கும் குறைவு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதியபோது பூந்தமல்லியும் அந்த மாவட்டம்தான். அதன்பின் வந்த பஞ்சமி நிலம் இன்று யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2020 ஆகஸ்டில் ஊழல் வெடித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று வரிசையாக வந்தது. சுமார் ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்றது அரசு, சிபிசிஐடி விசாரித்தது. விண்ணப்பத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போனது. கொரோனா நிவாரணம் என்று சொல்லித்தான் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கினார்கள் என்று செய்தியாளர்களிடம் பலர் சொன்னார்கள். வந்த பணத்தில் தரகருக்குக் கமிஷன். பிறகு கணக்கு முடக்கம், முழுத் தொகையும் திருப்பிக் கட்டு என்ற உத்தரவு. கமிஷனையும் சேர்த்துக் கட்ட வேண்டியவர் கூலிக்காரர்.

2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: நாடு முழுக்க 42 லட்சம் தகுதியற்றோர், ஏறக்குறைய 3,000 கோடி. இவர்கள் எல்லோரும் ஏழைகள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு வந்த ஆர்டிஐ பதிலில், தகுதியற்றோரில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுவோர். அவர்களிடம் தாராளமாக வசூலிக்கட்டும். தெரிந்தே வாங்கியவர், தரகரிடம் ஏமாந்தவர், அலுவலகத்தின் தவறால் பெற்றவர் மூவருக்கும் 'தகுதியற்றோர்' என்ற ஒரே முத்திரையா என்பதுதான் என் கேள்வி.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாததல்ல. பஞ்சாப் அரசு எதிர் ரபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? நிர்வாகத்தின் தவறால் கூடுதல் சம்பளம் பெற்ற மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடமும் ஓய்வுபெற்றவரிடமும் அதைத் திரும்ப வசூலிக்கக் கூடாது. நல்ல தீர்ப்பு. கடைநிலை ஊழியருக்குக் காட்டிய அந்த நியாயத்தை, சம்பளமே இல்லாத கூலிக்காரருக்குக் கேட்டால் ஏன் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிகிறது?

வழக்குக்குப் போக வசதியில்லாதவர்கள் சார்பில் நாம் கேட்க வேண்டியது: பிடித்தம் செய்யும் முன் நோட்டீஸ், நேரில் விசாரணை, தரகர் தின்றதைத் தரகரிடமே வசூலிப்பது. கூடவே இன்னொன்று. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர் அதில் பெயர் சேர்க்கப் போனால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது. பூந்தமல்லி தாலுகாவில் அந்தப் பதிவேட்டில் எத்தனை பெயர், அதில் எத்தனை பேர் நம் சேரியைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு ஆர்டிஐ போடுவோம். மனுவை நான் எழுதுகிறேன், கையெழுத்துப் போட யார் வருகிறீர்கள்?