புகையடுப்பு வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்



புகையில் வாட்டிய இறைச்சி என்றதும் பலருக்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம்தான் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் பக்கம் காரில் போனால் வாத்து சாலாய், இறைச்சி சாலாய், கெலி மீன் சாலாய் என்று விற்கிறார்களே, அதுவும் புகையில் வாட்டியதுதான். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் புகைக்கூடம் என்ற ஒரு சொல்லே போதும். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக்கி, அந்தத் தகடுகளை உள்ளே தொங்கவிட்டு, மூன்று நான்கு நாள் புகையிட்டார்கள். வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தகடு கொப்பளித்துத் தரம் இறங்கிவிடும். ஆகவே இரவிலும் ஓர் ஆள் நெருப்பின் மேல் கண்ணாக இருக்க வேண்டியிருந்தது. விறகு இருந்தால் புகை தானாக வரும், வெப்பத்தைக் கட்டிக் காப்பதுதான் வேலை என்பது அந்த ஆளுக்குத் தெரியும். இன்று வீட்டுக்கென்று ஸ்மோக்கர் வாங்கக் கிளம்புகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

கடையில் பளபளக்கும் கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் ஆசை வருகிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஆகும் என்று வாங்கிவிடுகிறார்கள். நான்கு தடவை மூட்டியபின் அது வீட்டின் பின்கட்டில் மழையில் நனைந்து துருவேறிக் கிடக்கிறது. எந்த அடுப்பு நல்ல அடுப்பு என்று கேட்பதற்கு முன், அதை எங்கே வைக்கப் போகிறோம் என்று கேட்டிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் கரி அடுப்பு வாங்கவே கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகை கண்ணை உறுத்தாத நேரத்திலும் அது இருக்கும். மழை வந்துவிட்டது என்று அடுப்பை வீட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, சன்னல் திறந்துதானே இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தால் ஆள் தூக்கம் வருவது போலச் சாய்ந்துவிடுவார். தீ அணைந்த மாதிரித் தெரிந்தாலும் கங்கு இருக்கும்வரை இந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். மூடிய பால்கனியும் வீட்டுக்குள் சேர்ந்ததுதான்.

அப்படியானால் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் புகை மணமே கிடையாதா? உண்டு. சீனர்கள் வாத்தை முதலில் பதம் செய்து, தேயிலைப் புகையில் காட்டி, ஆவியில் வேகவைத்துப் பிறகு பொரிக்கிறார்கள். அந்த முறையைச் சுருக்கி வீட்டில் செய்யலாம். குவாலியின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு பிடி தேயிலை, ஒரு பிடி அரிசி, கொஞ்சம் சீனி போட வேண்டும். மேலே கம்பித் தட்டில் ஏற்கெனவே வெந்த கோழியை வைத்து இறுக மூடி, மிதமான தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். அடுப்புக்கு மேல் புகைபோக்கி விசிறி ஓட வேண்டும். செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இனி, தாமான் வீடுகள். 20 அடி அகலத் தெரஸ் வீட்டுக்கு முன்னால் கார் நிற்கும் இடம், பின்னால் ஒரு துண்டு நிலம். இந்த இடத்துக்கு டெக்சஸ் பாணியில் பக்கவாட்டில் தீப்பெட்டி வைத்த பெரிய ஸ்மோக்கர் எதற்கு? அதில் முக்கால் மணிக்கு ஒரு விறகு போட்டுப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காவல் இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணி என்ன ஆகும் என்பது வேறு விஷயம். மலிவாகக் கிடைப்பவை மெல்லிய தகட்டில் செய்தவை. இடுக்கெல்லாம் புகை கசியும், வெப்பமும் நிற்காது. கனமான தகட்டில், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிப்பில் செய்தவை நன்றாக உழைக்கும். ஆனால் அவற்றை நகர்த்த நான்கு ஆள் வேண்டும்.

பெல்லட் ஸ்மோக்கர் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் 1980களில் உருவாக்கியது. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீயில் தள்ளும், விசிறி காற்றூதும், வெப்பத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும். சோம்பலுக்கு ஏற்ற நல்ல கருவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த நாட்டின் ஈரக் காற்றில் அந்தக் குச்சிகள் ஈரம் குடித்து உப்பி, மறுபடியும் தூளாகிவிடும். அந்தத் தூள் திருகில் போய் அடைத்துக்கொள்ளும். வாங்குகிறவர்கள் காற்றுப் புகாத வாளியும் சேர்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மிஞ்சிய குச்சிகளைப் பெட்டியிலிருந்து வழித்தெடுக்கவும் வேண்டும். இதைச் செய்யத் தயாரில்லாதவர்களுக்கு அது ஒத்துவராது.

மின்சார ஸ்மோக்கரில் வேறு ஒரு சங்கடம். இணையத்தில் அமெரிக்காவிலிருந்து தருவிப்பவை 120 வோல்ட்டில் இயங்குபவை. இங்கே சுவரில் வருவது 230 வோல்ட். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் முதல் நாளே கருகிவிடும். இங்குள்ள மின்னழுத்தத்துக்குச் செய்து, பாதுகாப்பு முத்திரை பெற்றதைத்தான் வாங்க வேண்டும்.

செராமிக் முட்டை அடுப்புகள் அருமையானவை. கமாடோ என்ற அவற்றின் பெயர், அடுப்பைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். தடித்த மண் சுவர் வெப்பத்தை விடாது, ஒரு தடவை கரி போட்டால் பன்னிரண்டு மணி நேரமும் தாங்கும். விலையோ பல ஆயிரம் ரிங்கிட். கீழே விழுந்தால் உடையும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும்போது படும் பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பெரும்பாலான தெரஸ் வீடுகளுக்கு ஏற்றது, மூடி போட்ட சாதாரண உருண்டை கெட்டில் அடுப்புதான். 1952ஆம் ஆண்டில் சிக்காகோ அருகே வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் மிதவைக்கான உருண்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்றும் அதே வடிவம்தான். 57 சென்டிமீட்டர் அகலமுள்ளதில் இரண்டு கோழி தாராளமாக அடங்கும். அழுத்திச் செய்த கரிக்கட்டிகளை ஓரத்தில் பாம்பு வளைந்து கிடப்பதுபோல் அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், ஊதுவத்தி எரிவதுபோல் மெல்ல மெல்ல எரிந்துகொண்டு போகும். ஆறு மணி நேரம் கவலையில்லை. நடுவில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் வெப்பம் ஏறி இறங்காது. கீழேயும் மேலேயும் உள்ள காற்றுத் துளைகளைத் திறந்து மூடி, 110 டிகிரியிலிருந்து 135 டிகிரிக்குள் நிறுத்தப் பழக வேண்டும். அவ்வளவுதான் வித்தை. வாரக் கடைசியில் சாதாரணமாகக் கோழி வாட்டவும் இதே அடுப்பு உதவும் என்பதால் சும்மா கிடக்காது.

கடைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது சாயத்தையோ சக்கரத்தையோ அல்ல. மூடி எங்கும் இடைவெளியின்றி உட்காருகிறதா, காற்றுத் துளையை முழுக்க அடைக்க முடிகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் டிரம்மை வெட்டிச் செய்து தருகிறோம் என்பவர்களிடம் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடும் நெருப்புப் படும் இடத்துக்கு ஆகாது.

அடுப்புக்கு அடுத்தபடி, சொல்லப்போனால் அடுப்புக்கும் முன்பாக, வாங்க வேண்டியது முள் குத்திப் பார்க்கும் வெப்பமானி. மூடியில் பொருத்தி வரும் கடிகாரம் போன்றதை நம்பக் கூடாது. அது உச்சியில் இருக்கிறது, இறைச்சி கீழே இருக்கிறது. 20, 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். இறைச்சியின் நிறத்தையும் நம்ப முடியாது. புகை பட்டால் வெந்த கோழியும் சிவந்தே இருக்கும், வேகாத கோழியும் வெளியில் பொன்னிறமாகத் தெரியும். கோழியின் தொடையில் எலும்பில் படாமல் குத்தி 74 டிகிரி காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் பரிமாறலாம். சாலாய் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் வாதாடுவார்கள். சாலாய் வீட்டுக்கு வந்ததும் சிலி பாடியும் மஞ்சளும் தேங்காய்ப் பாலும் சேர்த்து மறுபடி கொதிக்கிறது. ஸ்மோக்கரிலிருந்து நேரே தட்டுக்கு வருவதற்கு அந்த இரண்டாவது வேக்காடு கிடையாது.

குளிர்ப் புகை என்று 30 டிகிரிக்குக் கீழே வைத்துப் புகையிடும் மேல்நாட்டு முறையை இங்கே வீட்டில் முயலவே கூடாது. கோலாலம்பூர் மதிய வெயிலில் நெருப்பே இல்லாத பெட்டிக்குள்ளும் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். கிருமிகள் பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

கரிக்குப் பஞ்சமில்லை. பேராக் மாநிலத்தின் கோலா செபத்தாங்கில், மாத்தாங் கடலோரக் காட்டின் பாக்காவ் மரங்களை வெட்டிச் செங்கல் சூளைகளில் கரியாக்குகிறார்கள். 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, மீண்டும் வளரவிடும் காடு அது. அந்தக் கரி கனமாக இருக்கும், நின்று எரியும். மணத்துக்கு மேலே இரண்டு துண்டு உலர்ந்த ரம்புத்தான் கட்டையோ காய்ந்த தேங்காய் மட்டையோ போதும். தளவாடத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரப்பர் மரத் துண்டுகள் வேண்டாம், பூச்சி அரிக்காமலிருக்க அவற்றில் மருந்து ஏற்றியிருப்பார்கள். வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும் புகையில் இறைச்சியை வைத்தால் கசக்கும். புகை மெலிந்து நீலம் பாரிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இதை வாரம் தவறாமல் சாப்பிடலாமா? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ஆம் ஆண்டில், உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் கணக்கு. பண்டிகைக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் வைத்துக்கொள்வதே சரி. கொழுப்பு நேரே கங்கில் சொட்டாமல் அடியில் அந்தத் தண்ணீர்த் தட்டு இருக்கட்டும்.

முதல் முறை மூட்டுகிறவர்கள் பெரிய ஆட்டுத் தொடையில் கை வைக்காமல் கோழித் தொடைகளில் பழகலாம். பெரிய துண்டுகள் 65, 70 டிகிரிக்கு வந்ததும் மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் அப்படி ஆகிறது. இது தெரியாதவர்கள் பதறிப் போய்க் கரியை அள்ளிக் கொட்டுகிறார்கள். விருந்தாளிகள் வாசலில் நிற்கும்போது உள்ளே வேகாமல் வெளியே கருகிய இறைச்சியை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியிருக்கும்.

சமைத்து முடிந்ததும் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் தீ தணியும். சாம்பலை அன்றே பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உள்ளே கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும், தொட்டியே பற்றிக்கொள்ளும். மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி இரண்டு நாள் வைத்திருந்து, தண்ணீர் தெளித்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வீசலாம். அந்த வாளியை அடுப்பு வாங்கும் அன்றே வாங்கிவிடுவது நல்லது.