சர்க்கார் வைத்தியமும் இன்ஷ்யூரன்சும்
(காரியாபட்டிக் கூட்டத்தில் பேசியது)



காப்பீட்டு அட்டை இருக்கையில் சர்க்கார் ஆஸ்பத்திரி எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2009-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் குடும்பத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை வைத்தியச் செலவு என்று திட்டம் போட்டு, ஸ்டார் ஹெல்த் என்னும் தனியார் கம்பெனியிடம் ஒப்புவித்தது. பணக்காரன் படுத்த கட்டிலில் ஏழையும் படுத்தான். இருதய ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்தான். தலையெழுத்தென்று உட்காராமல் போனானே, அதில் எனக்கு மெத்தச் சந்தோஷம்.

ஆனால் கம்பெனி என்பது எது? கொடுப்பது குறைந்தால் லாபம் காண்பது. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை; வியாபாரத்தின் சுபாவம் அது. 2012-ல் புதுத் திட்டம் பொதுத்துறைக் கம்பெனியான யுனைடெட் இந்தியாவுக்குப் போயிற்று. 2018-ல் தொகை 5 லட்சமாயிற்று. சரி, அட்டை எதற்குச் செல்லும்? பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் வைத்தியத்துக்கே. காய்ச்சலுக்கு, சர்க்கரை மாத்திரைக்கு, நாய்க்கடி ஊசிக்குச் சர்க்கார் வாசலுக்குத்தானே வருகிறோம்?

பட்டாசுத் தீயில் வெந்தவனுக்கு உடனே வேண்டியது பக்கத்தில் ஒரு படுக்கையும் டாக்டரும். அட்டையை விரித்து அவனைப் படுக்க வைப்பீர்களா?

2022-ல் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதுபோல் ராத்திரி டாக்டரும் மருந்தும் ஊர்தோறும் வேண்டுமென்று மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் மேடைக்கு வரலாம், கைநாட்டும் செல்லும்.