பேரேட்டுப் பணமும் பெட்டிப் பணமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர் 2010-ல் மெக்கானிக்கல் பிரிவில் பட்டம் பெற்றவர். சொந்த ஊர் கண்டரமாணிக்கம்.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க. நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். கேள்வி இதுதான்: "பொறியியல் முடித்துச் சொந்தத் தொழில் செய்ய நினைப்பவர்கள், மேற்படிப்பாகக் கணக்கியல் படிப்பது பயன்தருமா?" லேத் மெஷினைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். கணக்கைப் பற்றிப் பேச எனக்கு ஒரே தகுதிதான் உண்டு. அது தெரியாமல் அடிபட்டவன் நான்.

முதலில் எங்கள் ஊருக்குப் போய்விட்டு வருவோம். கண்டரமாணிக்கத்தில் மாணிக்கநாச்சி அம்மன் கோயிலைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் தகப்பனார், 1939-ல் பதின்மூன்று வயதில் பர்மாவுக்குக் கப்பலேறியவர். அங்கே ஒரு வட்டிக் கடையில் பெட்டியடிப் பையன் வேலை. கடையைக் கூட்டணும், தண்ணி எடுக்கணும், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் பழகணும். நன்றாகப் பழகியவன் அடுத்தாள் ஆவான். அதற்கும் மேலே மேலாள், அதாவது ஏஜெண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மூன்று வருஷத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போன ஏஜெண்டு, கடல் கடந்த ஊரில் லட்சக்கணக்கான பணத்தை ஆளுவார். இருவருக்கும் நடுவில் நின்றது கணக்கு ஒன்றுதான். குறிப்பு, பேரேடு, வட்டிச் சிட்டை, எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்க்கும் ஐந்தொகை. ரங்கூனில் மொகல் தெருச் செட்டியார் கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். நம் பக்கத்தில் கணக்கு மேற்படிப்பு அன்றைக்கே இருந்தது. பட்டமளிப்பு விழாதான் கிடையாது!

ஐயாவின் படிப்பு பாதியில் நின்றுபோனது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். பாதி நடையும் பாதி லாரியுமாக ஊர் வந்து சேர்ந்தார். ஆனால் பழக்கம் போகவில்லை. நான் பள்ளியில் படிக்கும்போது ராத்திரி சாப்பிட்டதும் பட்டாலையில் உட்கார வைத்து, "வரவு எவ்வளவு? பற்று எவ்வளவு? இருப்பு எவ்வளவு?" என்று கேட்பார். ரெண்டு ரூபாய்க்குக் கடலை மிட்டாய் வாங்கியதற்கும் கணக்கு எழுதணும். அப்போது அடிக்கடி ஒன்று சொல்வார்: "பேரேட்டுல இருக்கிறது எல்லாம் பணம் இல்லப்பா. பெட்டிக்கு வந்தாத்தான் பணம்." கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இனி என் கதை. இங்கே படித்து முடித்து நாலு வருஷம் கோயம்புத்தூரில் வேலை பார்த்தேன். 2014-ல் அதே ஊரில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். வால்வு உதிரி பாகங்கள் செய்யும் வேலை. பாங்குக் கடனில் சி.என்.சி. மெஷின் ரெண்டு. மைக்ரான் கணக்கில் வேலை சுத்தமாக இருக்கும். ஆர்டர் குவிந்தது. 2017-க்குள் பதினாலு பேருக்கு வேலை கொடுத்தேன். "ஊர்ப் பிள்ளை முதலாளி ஆயிட்டான்" என்று கண்டரமாணிக்கத்தில் பேச்சு. எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

2017 செப்டம்பரில் ஆடிட்டர் முந்தைய வருஷக் கணக்கை முடித்துவிட்டு, "லாபம் பதினோரு லட்சம் தம்பி, வரி கட்டணும்" என்றார். அன்றைக்கு என் பாங்குக் கணக்கில் இருந்தது முப்பத்தெட்டாயிரம். அடுத்த மாதம் தீபாவளி. பதினாலு பேருக்கு போனஸ் கொடுக்கணும்.

"சார், பதினோரு லட்சம் லாபம்னா அந்தப் பணம் எங்க சார்?"

"உங்க பார்ட்டிகிட்ட இருக்கு தம்பி. கொஞ்சம் குடோன்ல இருக்கு. கொஞ்சம் பாங்குக்குப் போயிருச்சு."

அவர் சொன்னது மூன்றும் உண்மை. ஒரு பெரிய கம்பெனி எனக்கு இருபத்தாறு லட்சம் தரவேண்டியிருந்தது. 130 நாளாகியும் வரவில்லை. விலை சல்லிசு என்று ஆறு லட்சத்துக்கு எஃகுக் கம்பி வாங்கி அடுக்கியிருந்தேன். பாங்குக் கடனில் அசலாக வருஷத்தில் எட்டு லட்சம் கட்டியிருந்தேன். அசல் கட்டுவது செலவுக் கணக்கில் வராது, அதனால் லாப நட்டக் கணக்கில் அது தெரியவே தெரியாது. போதாததற்கு அந்த வருஷம் ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்திருந்தது. பத்து லட்சத்துக்குப் பில் போட்டால் அதன் மேல் 18 சதவீதம், ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரி. நாம் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்தது போக மீதியைக் குறித்த தேதிக்குள் கட்டியாகணும். பார்ட்டி பணம் தந்தானா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது.

அந்த வாரம்தான் எங்கள் மூத்த தொழிலாளி ஒருவர் என் மேஜைக்கு வந்தார். முதல் நாளிலிருந்து என்னோடு இருந்தவர். மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு இருபதாயிரம் முன்பணம் கேட்டார். "அடுத்த வாரம் பார்க்கலாம்ணே" என்றேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன். மனைவியின் வளையலை அடகு வைத்து போனஸ் கொடுத்துவிட்டேன், ஆனால் அவர் கேட்டது காலம் தாண்டிப் போயிற்று. தீபாவளி முடிந்து மறு மாதம் அவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் போடவில்லை. "சொல்லிட்டுப் போறேன் தம்பி" என்றார், அவ்வளவுதான். பதினோரு லட்சம் லாபம் காட்டும் முதலாளியால் இருபதாயிரம் கொடுக்க முடியவில்லை. ஐயா சொன்னது அன்று ராத்திரிதான் எனக்கு விளங்கியது.

2018-ல் மாலை நேர எம்.பி.ஏ.வில் சேர்ந்து நிதியும் கணக்கியலும் சிறப்புப் பாடமாக எடுத்தேன். அப்போது வயது 29. பட்டறை மூடி, கையில் ஆயில் கறையோடு வகுப்புக்கு ஓடுவேன். மூன்று வருஷம். அங்கே கற்றதில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நாள் கணக்கு. நம் படிப்பில் சைக்கிள் டைம் என்று படிக்கிறோம். பணத்துக்கும் சைக்கிள் டைம் உண்டு. என் பட்டறையில் கம்பி கிடப்பில் 40 நாள், வேலை நடக்க 15 நாள், பணம் வர 130 நாள். மொத்தம் 185. கம்பிக் கடைக்காரர் எனக்குத் தந்த தவணை 30 நாள். ஆக, 155 நாள் என் சொந்தக் காசில் அந்தப் பெரிய கம்பெனிக்கு நான் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் பெருகப் பெருக இந்தக் கடனும் பெருகும். வளர்ச்சியினாலேயே ஒரு தொழில் மூச்சுத் திணறும் என்று எந்த மெஷின் டிசைன் புத்தகத்திலும் போடவில்லையே!

இரண்டு, அடக்கவிலை. ஒரு பீஸை 100 ரூபாய்க்கு விற்கிறோம். கம்பி, டூல், கரண்ட், கழிவு எல்லாம் சேர்ந்து 70. மிச்சம் 30. வாடகை, சம்பளம், வட்டி, தேய்மானம் என்று மாதம் மூன்று லட்சம் எப்படியும் ஆகும். அப்படியானால் பத்தாயிரம் பீஸ் ஓட்டினால்தான் தலைக்குத் தலை. நாங்கள் ஒன்பதாயிரம் ஓட்டிவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்த மாதங்கள் உண்டு. மாதம் முப்பதாயிரம் நட்டம். ஒருவர் வந்து 85 ரூபாய்க்குக் கேட்டால் கொடுக்கலாமா? சும்மா நிற்கும் மெஷினில் ஓட்டினால் பதினைந்து ரூபாய் மிச்சம், கொடுக்கலாம். எல்லோருக்கும் 85 என்று இறங்கினால் அதே மூன்று லட்சத்துக்கு இருபதாயிரம் பீஸ் ஓட்டணும். ஒரே விலை ஒரு நாள் சரி, இன்னொரு நாள் தப்பு. இதைப் பிரித்துப் பார்க்கத்தான் படிப்பு.

மூன்று, உரிமை. சிறுதொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் பாங்கு விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் பட்டறை தொடங்கியது அதற்கு எட்டு வருஷம் கழித்து. எனக்கு அது தெரியாது. தெரிந்தவுடன் யார் மேலும் வழக்குப் போடவில்லை. சட்டத்தின் பெயரை ஒரு கடிதத்தில் மரியாதையாகக் குறிப்பிட்டேன். பணம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வந்தது.

படிக்கும்போது நூலகத்தில் பர்மாக் கணக்கையும் தேடிப் படித்தேன். கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1937-ல் அது 25 சதவீதம். பார்த்தால் பெரும் வெற்றி போலத் தோன்றும். உண்மையில் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், பணத்துக்குப் பதில் நிலம் வந்த கணக்கு அது. பேரேடு தடித்தது, பெட்டி மெலிந்தது. பிறகு போர் வந்தது, 1948-க்குப் பின் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. கணக்கு எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவர்களுக்கே இது நடந்தது என்றால் நாம் எந்த மூலை?

திசையை மாற்றியவர்களும் உண்டு. அதே 1937-ல், பிப்ரவரி 10 அன்று, எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. மௌல்மீனில் வட்டிக் கடை வைத்திருந்த முருகப்பா குடும்பம் போருக்கு முன்பே முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து தொழிற்சாலைகளில் போட்டது. 1949-ல் சைக்கிள் கம்பெனியும் வந்தது. நம் வள்ளல் அழகப்பர் நூற்பாலையில் சம்பாதித்ததைக் கல்வியில் போட்டார். இந்தக் காரைக்குடி மண்ணில் 1952-ல் பொறியியல் கல்லூரி எழுந்தது அப்படித்தான். எந்தப் பணத்தை எப்போது எங்கே மாற்றுவது என்ற முடிவும் கணக்கில்தான் தொடங்குகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். படிக்கலாமா? தொழில் செய்வேன் என்று உறுதியாக இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். பி.இ. முடித்தவரை எம்.காம்.இல் பெரும்பாலும் நேரடியாகச் சேர்க்க மாட்டார்கள். நிதிப் பிரிவில் எம்.பி.ஏ. இருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டன்ட் தேர்வு இருக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். உழைக்கத் துணிந்தால் சி.ஏ.வும் உண்டு. ஆனால் என் யோசனை, பட்டம் வாங்கிய கையோடு ஓடிப்போய்ச் சேராதீர்கள். ரெண்டு வருஷம் ஏதாவது ஒரு பட்டறையில், ஒரு கம்பெனியில், பெட்டியடிப் பையனாக இருங்கள். பில் எப்படிப் போகிறது, பணம் எப்படி வராமல் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். அதற்கப்புறம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் மனசில் ஒட்டும். டாலி ஓட்டத் தெரிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அது எழுதித் தரும். படித்துப் பார்த்து முடிவு எடுப்பது நம் வேலை.

"கணக்கு காமர்ஸ் பசங்களோடது" என்று கூச்சப்படவும் வேண்டாம். இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் விளக்கி 1494-ல் வெனிஸில் வெளியிட்ட லூக்கா பாசியோலி, ஒரு கணித ஆசிரியர். லியோனார்டோ டாவின்சிக்கு நண்பர். அந்தக் காலத்திலேயே கணக்கும் இன்ஜினீயரிங்கும் சேர்ந்துதான் சுற்றியிருக்கின்றன!

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வருஷத்தில் நாலு சனிக்கிழமை, இறுதியாண்டு மாணவர்களுக்கு நம் சொந்த ஐந்தொகையை விரித்து வைத்துப் பாடம் நடத்துவோம். லாபம் வந்த வருஷத்தை மட்டும் காட்ட வேண்டாம், அடிபட்ட வருஷத்தையும் காட்டுவோம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன், 2017-ஐக் கொண்டு வருகிறேன்.

இன்றைக்குப் பட்டறை நன்றாக ஓடுகிறது. அந்த 155 நாள் 70 ஆகக் குறைந்திருக்கிறது. தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கென்று தனிக் கணக்கில் எப்போதும் ஒரு தொகை வைத்திருக்கிறேன். அதைக் கம்பி வாங்கக்கூடத் தொடுவதில்லை. போய்விட்ட அந்த மூத்தவரைப் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மகன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டானாம். "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்று அவர்தான் முதலில் கேட்டார். அவருக்கு நான் பட்ட கடன் எந்தப் பேரேட்டிலும் இல்லை. நான் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.