“பரவாயில்லண்ணா”: தேவ்லி முகாமும் ஒரு டீக்கடையும்

இந்த எபிசோடை அடுக்கத்துல இருந்து பதிவு பண்றேன். பெரியகுளத்துல இருந்து கும்பக்கரை வழியா கொடைக்கானல் ஏறுற பாதையில இருக்கிற ஊர். பின்னாடி பூச்சிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

நேத்து இங்க ஒரு டீக்கடையில மணிப்பூர் பையன் ஒருத்தனைப் பார்த்தேன். விடுதியில சமையல் வேலை. “டேய் சைனா, இங்க உக்காரு”ன்னார் ஒருத்தர். பாசமாத்தான் சொன்னார். பையன் சிரிச்சான், நானும் சிரிச்சேன். கிளம்பும்போது அவன் எங்கிட்ட சொன்னான்: “2020-ல கொரோனான்னு கூப்பிட்டாங்க. இப்போ சைனா. பரவாயில்லண்ணா.”

முகத்தைப் பார்த்து ஒருத்தரை ‘சைனா’ன்னு முடிவு பண்றது எங்க கொண்டுபோய் விடும்? இந்தியாவுல அது ஒரு தடவை நடந்திருக்கு.

1962 அக்டோபர் 20-ல இந்திய-சீனப் போர் தொடங்கியது. ஒரே மாசம்தான், நவம்பர் 21-ல சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. ஆனா அந்த நவம்பர்லதான் அஸ்ஸாம், மேற்கு வங்காளப் பகுதிகள்ல சீன வம்சாவளியினரைக் கைது செய்ய ஆரம்பித்தார்கள். அஸ்ஸாமின் மாகும் ஊர்ல இருந்தவர்கள், பிரிட்டிஷார் காலத்துல தேயிலை வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள். பலருக்கு அம்மாவோ பாட்டியோ இந்தியர். வீட்டுல பேசினது அஸ்ஸாமிய மொழி. சீனாவைக் கண்ணால பார்க்காதவங்க.

சுமார் 3,000 பேரை, குழந்தைகள், வயசானவங்க உட்பட, விசாரணையே இல்லாம ராஜஸ்தான் தேவ்லியில இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயில்ல கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். வழியில ஸ்டேஷன்கள்ல கூட்டம் கூடி, கல் எறிந்து, திட்டியதைப் பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். போர் முடிந்து வருஷக்கணக்காகியும் சிலர் உள்ளேயே இருந்தார்கள். கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967-ல.

இதுல நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு. 1963-ல இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சீனாவுக்கு ஏற்றிப்போன கப்பல்கள் கிளம்பினது மெட்ராஸ் துறைமுகத்துல இருந்துதான். குடும்பத்துல பாதிப் பேர் கப்பல்ல, பாதிப் பேர் இங்கன்னு பிரிந்ததும் உண்டு.

விடுதலையாகி வீடு திரும்பினவங்களுக்குப் பல இடத்துல வீடும் கடையும் இல்ல, ஏலம் போயிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவங்க பேசவே இல்ல. சொந்தப் பிள்ளைகள்கிட்டகூட. திரும்பவும் பிடிச்சிடுவாங்களோன்னு பயம். அந்த மௌனமும் காயம்தான், மக்களே.

நிறைய பேர் கனடாவுக்குப் போய் டொராண்டோவுல வாழ்க்கையைத் தொடங்கினாங்க. பல வருஷம் கழிச்சு அங்கதான் முன்னாள் முகாம்வாசிகள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஜாய் மா அந்த முகாம்லயே பிறந்தவர். அவரும் திலீப் டிசோசாவும் எழுதிய ‘தி தேவ்லிவாலாஸ்’ 2020-ல வந்தது. ரீட்டா சௌத்ரி இதை ‘மாகாம்’ என்ற அஸ்ஸாமிய நாவலாக எழுதியிருக்கிறார்.

இந்தியாகிட்ட அவங்க கேட்கிறது, ‘நடந்தது தப்பு’ன்னு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப்போர்ல ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்ததுக்கு அமெரிக்கா 1988-ல சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. சீனர்கள்கிட்ட தலைவரி வாங்கினதுக்குக் கனடா 2006-ல மன்னிப்புக் கேட்டது. தேவ்லிக்கு இன்னும் அந்த வார்த்தை வரல.

தாங்கிக்கிட்டவங்களைப் பார்த்து ‘எவ்வளவு மன உறுதி’ன்னு பாராட்டுறது நமக்குச் சுலபம். பல நேரம் ‘பரவாயில்ல’ன்னு சொல்றவங்களுக்கு வேற வழி இருக்கிறதில்ல. கேட்க ஆள் கிடைச்சப்பதான் தேவ்லிக்காரங்க வாய் திறந்தாங்க.

இன்னைக்குக் காலையில அதே டீக்கடைக்குப் போனேன். “நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது தம்பி”ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் அவன் பேரைச் சொன்னான். சரியா உச்சரிக்க எனக்கு மூணு தடவை ஆச்சு.

உங்க ஆபீஸ்லயும் ஹாஸ்டல்லயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். முதல்ல பேரைக் கேளுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.