நாற்றங்காலுக்கு நுண்பாசி

(விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



ஐப்பசி மழையில் செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்வதுண்டு. மண்ணில் வாழும் பித்தியம் முதலிய பூஞ்சாண வகை நுண்ணுயிர்களால் வரும் நாற்றழுகல் நோய் இது.

நெல் வயலின் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்ப்பதை 1939-இல் பி. கே. டே எடுத்துக்காட்டினார். அத்தகைய நுண்பாசிகள் சிலவற்றின் சாறு பூஞ்சாண வளர்ச்சியைத் தடுத்து, பயிரின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அது வருமுன் காக்குமேயன்றி, அழுகிய நாற்றை மீட்காது.

ஏரியில் மிதக்கும் பாசியை அள்ளித் தெளிக்கலாமா? கூடாது. கால்நடைக்கும் மனிதருக்கும் நஞ்சாகும் இனங்கள் அவற்றுள் உண்டு. ஆராய்ந்து, தூய்மையாக வளர்க்கப்பெற்ற பாசியே ஏற்றது.

முதற்கண் மேட்டுப்பாத்தி அமைத்து நீரை வடியச் செய்யுங்கள். நெருக்கி விதைக்காதீர்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். பின்னர் ஒரு பாத்திக்கு மட்டும் பாசிச்சாறு தெளித்து, பக்கத்துப் பாத்தியோடு பிழைத்த நாற்றுகளை எண்ணி ஒப்பிடுங்கள். அக்கணக்கைக் கண்ட பிறகே பஞ்சாயத்துப் பணத்தை இதற்குச் செலவிடுவது முறையாகும்.