பள்ளி வாசலில் முதலில் யார்?

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் நெரவி பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டின் இக்கூட்டத்தில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசவேண்டும் என்று பங்குப் பேரவையினர் கேட்டுக்கொண்டார்கள். கல்வியின் மேன்மையை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வயலிலும் கடலிலும் பாடுபட்டு, தான் ஒரு வேளை குறைத்து உண்டாலும் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தருகிறவர்கள் நீங்கள். ஆகவே, பள்ளிக்கூடத்தின் உள்ளே நடப்பதை விட்டுவிட்டு, அதன் வாசலில் நடப்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

ஏப்ரல், மே மாதம் பிறந்துவிட்டால் பங்கு இல்லத்தின் திண்ணை நிறைந்துவிடும். “தோத்திரம் சாமி, பிள்ளைக்கு எடம் வேணும், ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க” என்று கேட்டு வருவார்கள். ஒருவர் கையில் திருமுழுக்குச் சான்றிதழ் இருக்கும். இன்னொருவர் கையில் பிரான்சிலிருந்து அண்ணன் அனுப்பிய பணம் இருக்கும். மூன்றாமவர் கையில் ஒன்றும் இராது. பிள்ளையின் கை மட்டும் இருக்கும். இம்மூவரில் யார் முதலில் உள்ளே போகவேண்டும்? இதுதான் கேள்வி.

இக்கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. வடக்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் மறு ஆண்டே பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. தெற்கே நாகப்பட்டினத்தில் 1844இல் இயேசு சபையினர் தொடங்கிய புனித வளனார் கல்லூரிதான் 1883இல் திருச்சிக்குச் சென்று பெருமரமாயிற்று. அதே 1844இல் புதுச்சேரியில் ஆயர் பொன்னாந்த் ஆண்டகை கூட்டிய சங்கம், கல்வியை மறைபணியின் முக்கிய வேலைகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. 1826இல் புதுச்சேரியில் தோன்றிய ராயல் கல்லூரி, தொடக்கத்தில் ஐரோப்பியரின் பிள்ளைகளுக்காகவே இருந்தது. நம் கிறிஸ்தவப் பள்ளிகளிலும் கோயில்களிலும் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய காலம் இருந்தது. நற்செய்தியைப் போதித்த கையே சில பிள்ளைகளுக்கு வாசலைச் சாத்தியும் வைத்தது. நம் முன்னோர் பட்ட பாட்டை நினைவுகூரும் யூபிலியில் இதையும் நினைவுகூர வேண்டும்.

இன்று வேறொரு வாசல் வந்திருக்கிறது. ‘இண்டர்நேஷனல் ஸ்கூல்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தாலே நமக்கு மதிப்பு வந்துவிடுகிறது. இந்த வகைப் பள்ளிகளின் கதையைச் சற்றே கேளுங்கள். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்காக 1901இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பல்லாண்டுகள் அது அவர்களுக்கே உரிய பள்ளியாக இருந்தது. பிறகு நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் பிற நாட்டவருக்கும் வாசலைத் திறந்து, 1970களில் கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூல் ஆயிற்று. ‘தம்மவர்க்கு மட்டும்’ என்று இருந்த பள்ளி ‘பல நாட்டவர்க்கும்’ என்று மாறியது நல்லதே. ஆனால் பல நாட்டவருக்குத் திறந்த இப்படிப்பட்ட பள்ளிகளின் வாசல், பக்கத்துத் தெரு ஏழைக்கும் திறக்கிறதா? நுழைவுத் தேர்வு, பெற்றோரிடம் நேர்காணல், ஆங்கிலம் பேசுகிறார்களா என்ற சோதனை, இலட்சங்களில் கட்டணம் என்று நான்கு பூட்டுகள் தொங்கும் இடத்தில், கூலிக்காரரின் பிள்ளை எந்தச் சாவியைக் கொண்டு வரும்?

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்த உரிமை தருகிறது. அரசு உதவி பெறும் நிலையம் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்தால் மட்டும் யாருக்கும் இடம் மறுக்கக்கூடாது என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. இவ்விரண்டையும் எப்படி இணைப்பது? டில்லி புனித ஸ்தேவான் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவி பெறும் சிறுபான்மை நிலையம் தம் சமூகத்தாருக்கு 50 சதவீதம் வரை முன்னுரிமை தரலாம் என்றது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, அந்த அளவை எல்லா இடத்துக்கும் ஒன்றாக விதிக்க வேண்டாம் என்றார்கள். எனினும் பிறருக்கும் நியாயமான அளவில் இடம் தந்தாக வேண்டும் என்றார்கள்.

ஆகவே, கத்தோலிக்கப் பிள்ளைக்கு முன்னுரிமை கேட்பதில் குற்றமில்லை; அது நம் உரிமை. ஆனால் கிறிஸ்தவப் பள்ளி கிறிஸ்தவருக்கு மட்டும் என்று எண்ணுவது சட்டமுமன்று, திருச்சபையின் மனமுமன்று. கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, ஏழைகள், குடும்ப ஆதரவற்றோர், நம் விசுவாசத்துக்கு வெளியே உள்ளோர் ஆகியோர்மேல் தனி அக்கறை காட்டச் சொல்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தரவேண்டும் என்கிறது. நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதையும் அது தடைசெய்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2025இல் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, அத்தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று கருத்துக் கூறியிருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், நமக்கு ஒரு கேள்வி நிற்கிறது. சட்டம் நம்மை விட்டுவிட்டது என்பதால் ஏழையின் இடமும் விட்டுப்போகலாமா? நமக்குக் கிடைத்த சலுகை, நாம் விரும்பி அதிகம் செய்வதற்காகவே.

இங்கே நம் சொந்தக் குறையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் பணிபுரிந்தபோது, அருகிலிருந்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஓர் இடம் மீதியிருந்தது. கோயில் திருவிழாவுக்குத் தாராளமாய்க் கொடுத்துவந்த ஒருவர் மகனுக்காகக் கேட்டார். யோசியாமல் கடிதம் எழுதினோம். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நடவு வேலை செய்யும் தாய் ஒருத்தி மகளை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். “நேத்தே வந்திருப்பேன் சாமி, வேலைய விட்டா கூலி போயிடும்” என்றாள். இடம் இல்லை என்றோம். அவள் கோபப்படவில்லை. “சரிங்க சாமி” என்று கும்பிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு இன்றும் நம்மைச் சுடுகிறது. முந்தினவரின் மகனுக்கு வேறு பள்ளி கிடைத்திருக்கும். அந்தச் சிறுமியோ அவ்வாண்டே தாயோடு வயலில் இறங்கிவிட்டாள். இதில் பள்ளியின் குற்றம் ஒன்றுமில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று எண்ணாத நம் பேனாவின் குற்றம்.

சிறு பிள்ளைகளை ஆண்டவரிடம் கொண்டு வந்தபோது தடுத்தவர்கள் யார்? பரிசேயர் அல்லர், அவருடைய சீடர்களே. நல்லெண்ணத்தோடுதான் தடுத்திருப்பார்கள். ஆண்டவரோ அவர்கள்மேல் சினம் கொண்டார். வாசலில் நிற்கும் சாமியாரும், கன்னியரும், தாளாளரும், பங்குப் பேரவையினரும் மறவாமல் வாசிக்க வேண்டிய பகுதி இது.

நம்மிடையே தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் துயரம் இரட்டிப்பானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவர் என்ற காரணத்துக்காகவே அவர்களுக்குப் பட்டியல் சாதியினரின் சலுகைகள் இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அரசின் கதவுக்காகப் போராடும் நாம், நம் கையில் உள்ள கதவைத் திறக்கத் தயங்கினால் அப்போராட்டத்துக்கு என்ன பொருள்?

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்றால் பந்தலும் வாணவேடிக்கையும் அல்ல. நிலம் இழந்தவனுக்கு நிலம் திரும்பும். அடிமை வீடு திரும்புவான். அதுபோல் நம் யூபிலியும் எவருக்காவது இழந்ததைத் திருப்பித் தரவேண்டும். ஆகவே உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, இனிமேல் பங்கிலிருந்து பள்ளிச் சேர்க்கைக்குப் போகும் எந்தக் கடிதமும் நன்கொடைக் கணக்கைப் பார்த்து எழுதப்படாது. வின்சென்ட் தே பவுல் சபையினர் வீட்டைப் பார்த்து வந்து சொல்லும் பிள்ளைக்கே முதல் கடிதம். அப்பிள்ளை எந்தத் தெரு, எந்த மதம் என்று கேட்கப்படாது.

இரண்டாவது, திருவிழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கிக் கல்வி நிதி தொடங்குவோம். பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் பாரத்தை ஏற்றுக்கொள்ளலாம். யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பது வெளியே தெரியவேண்டியதில்லை.

மூன்றாவது, விண்ணப்பம் எப்போது, என்னென்ன சான்று வேண்டும் என்பதை மார்ச் மாதமே பூசையில் அறிவிப்போம். கூலியை விட்டு அலைய முடியாதவர்களுக்குப் படிவம் எழுதித் தர இளைஞர்கள் ஞாயிறு மாலைகளில் உட்காரட்டும்.

நான்காவது, வசதியுள்ள பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பிள்ளையின் இடத்தைச் சிபாரிசால் பெறாதீர்கள். அப்படிப் பெற்ற இடத்தில் பிள்ளை முதலில் கற்கும் பாடம் எதுவென்று எண்ணிப்பாருங்கள்.

அன்பானவர்களே, வருகிற ஏப்ரலிலும் அந்தத் திண்ணை நிறையும். கையில் ஒன்றும் இல்லாமல், பிள்ளையின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வருவாள். அன்று அவளைக் கடைசியில் நிற்க விடாதிருக்க ஆண்டவர் நமக்கும் உங்களுக்கும் வரம் அருள்வாராக. தேவதாய் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்வாராக. ஆமென்.