உத்தராயணம் என்றைக்குப் பிறக்கிறது?

(பூவிருந்தவல்லியில் ஒரு மார்கழி மாலையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வெய்யிலும் மழையும் பனியும் ஏன் மாறி மாறி வருகின்றன என்பதேயாகும். "இது பள்ளிக்கூடத்துப் பாடமாயிற்றே, இதற்கு ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்து மார்க்கு வாங்கியவர்கள்தான், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்து, "ஐயோ, தட்சிணாயனமாயிற்றே!" என்று கையைப் பிசைகிறார்கள். ஆகவே, படிப்பு பரீட்சைக்கு, பஞ்சாங்கம் வீட்டுக்கு என்று ஆகிவிட்டது. இதை மாற்றவேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன்.

நான் அதிகம் படித்தவனல்ல. அம்பத்தூரில் லேத் மிஷின் முன்னால் நின்று பிழைக்கிறவன். ஆதலால் நான் சொல்லுவதை, நான் சொல்லுகிறேன் என்பதற்காக யாரும் நம்பவேண்டாம். ஒரு கோலும் கொஞ்சம் வெய்யிலும் இருந்தால் நீங்களே சோதித்துக் கொள்ளலாம்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். என் தகப்பனார் கொத்தனார். 1994-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி, அதாவது மார்கழி 20-ல் இறந்துபோனார். அப்போது எனக்குப் பதினைந்து வயது. கருமாதிக்கு வந்த புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "இன்னும் பத்து நாள் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தால் உத்தராயண புண்ணியகாலம் வந்திருக்கும். பீஷ்மர் அம்புப் படுக்கையிலே காத்திருக்கவில்லையா? இவர் தேவர்களுடைய இராத்திரியில் போய்விட்டார். கதவு சாத்தியிருக்கும். பரிகாரம் செய்யாவிட்டால் ஆத்மா அலையும்" என்று சொன்னார். என் தாயார் காதிலிருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தார்கள். அந்தக் கம்மல் மீளவே இல்லை. பணம் போனதுகூடப் பெரிதல்ல. பத்து நாள் முந்திச் செத்ததற்காக, வாழ்நாளெல்லாம் சாரத்தில் ஏறி வெய்யிலில் காய்ந்த மனிதனை ஒரு குற்றவாளியைப்போல நினைத்துக்கொண்டு என் தாயார் பல வருஷம் அழுதார்களே, அதுதான் பெரிது.

நிற்க, சூரியன் வடக்கே போவதும் தெற்கே போவதும் உண்மையில் என்ன என்று பார்ப்போம்.

இதோ மேஜைமேல் எரிகிற பல்பைச் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கையிலுள்ள சாத்துக்குடி பூமி. இதன் நடுவே நான் குத்தியிருக்கும் குடைக்கம்பிதான் அச்சு. பூமி இந்த அச்சில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றினால் ஒரு நாள். பல்பை ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு வருஷம். இந்தக் கம்பி செங்குத்தாக நிற்கவில்லை, சுமார் இருபத்துமூன்றரை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய சங்கதி. கம்பியின் மேல்முனை இப்போது அதோ அந்த வேப்பமரத்தைக் காட்டுகிறது. நான் மேஜையைச் சுற்றி எங்கே போய் நின்றாலும் முனை வேப்பமரத்தையே காட்டும்படி பிடித்துக்கொள்ளுகிறேன். மரத்தின் பக்கமாக நான் வந்து நிற்கும்போது பாருங்கள்: மேல்முனை பல்பைவிட்டு விலகிச் சாய்கிறது. வடபாதிக்கு வெளிச்சம் சரிவாக விழுகிறது. இதுதான் மார்கழிக் குளிர். எதிர்ப்பக்கம் போகிறேன். இப்போது அதே முனை பல்பை நோக்கிச் சாய்கிறது. வடபாதிக்கு வெளிச்சம் நேராக விழுகிறது. இதுதான் கோடை. சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாய்ந்தபடி சுற்றுகிறவர்கள் நாம். இரயிலில் போகிறவனுக்குப் பனைமரம் ஓடுவதுபோலத் தெரிகிறதல்லவா, அப்படித்தான் நமக்குச் சூரியன் வடக்கே நடப்பதாகவும் தெற்கே நடப்பதாகவும் தோன்றுகிறது.

சரிவாக விழுந்தால் சூடு ஏன் குறையவேண்டும்? தாய்மார்களுக்கு நன்றாய்த் தெரியும். ஒரு கரண்டி மாவைச் சின்ன வட்டமாக ஊற்றினால் கனமாக இருக்கும். அதே கரண்டி மாவைக் கல் முழுதும் இழுத்துவிட்டால் காகிதம்போல் ஆகிவிடும். வெய்யிலும் அப்படியே. நேராக விழுந்தால் ஓரிடத்தில் குவிகிறது, சரிவாக விழுந்தால் பரவி மெலிகிறது. அதோடு பகற்பொழுதும் குறுகுகிறது. நம் சென்னைப் பக்கத்தில் ஜூன் 21 வாக்கில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிஷம், டிசம்பர் 22 வாக்கில் 11 மணி 20 நிமிஷம்தான்.

சிலர், "சூரியன் கிட்டே வந்தால் கோடை, தூரப் போனால் குளிர்" என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். பூமி சூரியனுக்கு மிகவும் அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். நாம் போர்வையைத் தேடுகிற மார்கழியில்தான் சூரியன் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது! ஆகவே காரணம் சாய்வே தவிர தூரமல்ல.

இனி நான் செய்த சோதனையைச் சொல்லுகிறேன். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நட்டேன். என் தகப்பனாருடைய தூக்குக்குண்டை வைத்து அதைச் செங்குத்தாக நிறுத்தினேன். பட்டறைக்கு லீவு கிடைத்த நாளிலெல்லாம், நடுப்பகலில் விழும் மிகக் குட்டையான நிழலுக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டேன். டிசம்பர் முதல் தேதியில் சுமார் 70 சென்டிமீட்டர் இருந்தது. நாளுக்கு நாள் நீண்டு, டிசம்பர் 22 வாக்கில் 74 ஆயிற்று. ஒரு வாரம் நகராததுபோலவே நின்றது. பிறகு குறைய ஆரம்பித்தது. ஜனவரி 4-ல் 72. தை முதல் தேதியன்று 68-க்குக் கொஞ்சம் மேலே!

தோழர்களே! நடுப்பகல் நிழல் நீண்டுகொண்டே போனால் சூரியன் தெற்கே போகிறது என்று அர்த்தம். குறைய ஆரம்பித்தால் வடக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். அது திரும்பியது டிசம்பர் 22-ல். அதாவது என் தகப்பனார் இறப்பதற்குப் பதின்மூன்று நாள் முன்னதாகவே, அவர்கள் சொல்லுகிற உத்தராயணம் பிறந்துவிட்டது! கதவு திறந்து பதின்மூன்று நாள் ஆகியும், மூடியிருக்கிறது என்று சொல்லி அல்லவா கம்மலைக் கழற்றச் செய்தார்கள்!

அப்படியானால் பஞ்சாங்கம் ஏன் தவறிற்று? பம்பரம் வேகம் குறையும்போது தலையை மெல்ல ஆட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பூமியின் அச்சும் அப்படி மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு ஆட்டம் முடிய ஏறக்குறைய 25,800 வருஷம். பருவங்கள் அச்சின் சாய்வை அனுசரித்து வருகின்றன. பஞ்சாங்கமோ நட்சத்திரங்களை வைத்து மாதத்தை எண்ணுகிறது. ஆதலால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 1,700 வருஷத்துக்கு முன் தை முதல் தேதியும் சூரியன் திரும்புகிற நாளும் ஒன்றாகத்தான் இருந்தன. இன்றைக்கு 23, 24 நாள் வித்தியாசம். இப்படியே விட்டால் இன்னும் ஒன்பதாயிரம் வருஷத்தில் மகர சங்கராந்தி கொளுத்துகிற மே மாதத்தில் வந்து நிற்கும்!

இது நான் கண்டுபிடித்ததுமல்ல, வெள்ளைக்காரன் புகுத்தியதுமல்ல. ஆறாம் நூற்றாண்டில் இருந்த வராகமிகிரர், சூரியன் திரும்புமிடம் பழைய நூல்களில் சொன்னதற்கு மாறாக இருக்கிறது என்பதைத் தமது பிருகத் சம்ஹிதையில் எழுதி, சந்தேகமிருந்தால் நிழலைக் குறித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற கருத்தையும் சொல்லியிருக்கிறார். அவர் சோதிடர்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடவில்லை. நம் காலத்தில் 1952-ல் விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஏற்பட்டு, 1955-ல் அறிக்கை கொடுத்தது. அதன்படி பருவத்தோடு ஒட்டிய தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடப்பில் இருக்கிறது. சர்க்கார் கெஜட்டில் அச்சாகிறது. வீட்டுச் சுவரில்தான் இன்னும் ஏறவில்லை.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். தை முதல் ஆனி வரை தேவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இராத்திரி என்கிறார்கள். ஆறு மாதம் பகலும் ஆறு மாதம் இரவுமாக இருக்கிற இடம் ஒன்று உண்மையிலேயே உண்டு. அது வடதுருவம். ஆனால் அங்கே சூரியன் உதிப்பது மார்ச்சில், மறைவது செப்டம்பரில். நாம் தேவர்களுக்குப் பொழுது விடிந்தது என்று கொண்டாடுகிற தை முதல் தேதியில், வடதுருவத்தில் கும்மிருட்டு! தென்பாதியிலுள்ள ஆஸ்திரேலியாவிலோ, அப்போது நல்ல கோடை. அங்கே குடியிருக்கும் நம் தமிழர்கள் வேர்க்க வேர்க்கப் பொங்கல் வைக்கிறார்கள். அவர்களுக்குச் சூரியன் அப்போது நெருங்கி வரவில்லை, விலகிப் போகிறது. ஒரே நாள் இங்கே புண்ணியகாலம், அங்கே பாவகாலமா? பொங்கல் உழுதவன் அறுவடை செய்து மகிழ்கிற நாள். அந்த மகிழ்ச்சிக்குச் சங்கராந்தியின் சிபார்சு வேண்டியதில்லை.

கத்திரி வெய்யிலும் இந்தச் சாய்வின் பிள்ளைதான். நம் ஊருக்கு நேர் தலைக்குமேல் சூரியன் வருவது வருஷத்தில் இரண்டே நாள்: ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்டு 18 வாக்கில் ஒன்று. அன்று நடுப்பகலில் செங்குத்தான கோலுக்கு நிழலே இராது. இடையிலுள்ள ஏறக்குறைய நான்கு மாதமும் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். ஏப்ரலிலிருந்து உச்சிவெய்யில் தரையில் சேர்ந்துகொண்டே வருவதால் மே மாதத்தில் கொதிக்கிறது. அடுப்பை அணைத்தவுடனே தோசைக்கல் ஆறிவிடுகிறதா? இதற்கு அக்கினி பகவான் காண்டவ வனத்தைத் தின்ற கதை எதற்கு?

மழையும் அப்படியே. செப்டம்பருக்குப்பின் சூரியன் தெற்கே சரியச் சரிய, வடக்கேயுள்ள பெருநிலம் குளிர்கிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைத் தடவி வந்து ஐப்பசி கார்த்திகையில் நமக்குக் கொட்டுகிறது. நமது வருஷ மழையில் பாதிக்குமேல் இதுதான். 2019 கோடையில் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அப்போது அறநிலையத்துறை, மழைக்காக யாகமும் வருண ஜெபமும் நடத்தும்படி கோயில்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. 2015 டிசம்பரில் இதே ஏரி நிரம்பி வழிந்தபோது ஊரே வெள்ளத்தில் மிதந்தது. காற்றைத் திருப்புவது பூமியின் சாய்வு, மந்திரமல்ல. ஏரியைத் தூர்வாருவதும், வரத்துக்கால்வாயை வீட்டுமனையாக்காமல் காப்பதும், உபரித் தண்ணீருக்கு வழிவிடுவதும் நம் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் வருணனைக் கூப்பிட்டு என்ன பயன்?

கடைசியாக ஒன்று. டிசம்பர் 22-லேயே உத்தராயணம் பிறந்துவிட்டதால் என் தகப்பனார் மோட்சத்துக்குப் போய்விட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பழைய புரோகிதருக்குப் பதில் நான் புதுப் புரோகிதன் ஆவேன். ஒரு உருண்டை சாய்ந்துகொண்டு சுற்றுகிறது. அதற்கு நம் சாவும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. நல்ல மனிதன் ஆடியில் செத்தாலும் நல்லவன்தான், மார்கழியில் செத்தாலும் நல்லவன்தான்.

இந்தக் கோடுகளையெல்லாம் ஒருநாள் என் தாயாரை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்லையாடா?" என்று கேட்டார்கள். "இல்லை அம்மா" என்றேன். வேறு எந்தப் பரிகாரமும் தராத நிம்மதி அன்று அவர்கள் முகத்தில் இருந்தது. ஆகவே, தோழர்களே, இந்த மார்கழியிலேயே உங்கள் வீட்டு வாசலில் ஒரு கோலை நட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு நிழலுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். நாளைக்கு ஒருவர் பஞ்சாங்கத்தைப் பிரித்து உங்களைப் பயமுறுத்தினால், அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.